ஒத்திகையில் கண்ட மைக்கேல்

மீன்பிடித் தடைக்காலம். ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடந்த ஒரு மதியம், தங்கை மகன் கைப்பேசியை நீட்டினான். "இதப் பாருங்க மாமா."

'திஸ் இஸ் இட்', கென்னி ஒர்ட்டேகா இயக்கி 2009-இல் வந்த படம். லண்டனில் நடக்கவிருந்த 50 கச்சேரிகளுக்கு மைக்கேல் ஜாக்சன் பார்த்த ஒத்திகை. கச்சேரி ஒன்றுகூட நடக்கவில்லை. அந்த ஆண்டு ஜூன் 25-இல் அவர் போய்ச் சேர்ந்தார்.

எனக்கு அவர் என்றால் தொப்பி, கையுறை, பின்னால் வழுக்கும் நடை. பிரபுதேவாவைப் புகழ ஒரு பெயர். அவ்வளவுதான். பாட்டை இப்படி இழைக்கிறவர் என்று தெரியாமல் போயிற்றே!

ஓரிடத்தில் இசைக்குழுத் தலைவரிடம் தாளத்தை நிதானிக்கச் சொல்கிறார். மீன் குழம்பு சிறுதீயில் சுண்டுவதுபோல தாளத்தின் இடைவெளி நிற்கவேண்டுமாம். கிட்டார் வாசிக்கும் ஒரியாந்தியை, தானே உச்ச சுரத்தைப் பாடிக் காட்டி மேலே ஏற்றுகிறார். குரலைச் சேமிக்க நினைத்தவர், ஜூடித் ஹில்லோடு பாடும்போது தன்னை மறந்து முழுக்குரலில் இறங்கிவிடுகிறார். கீழே நின்ற ஆட்டக்காரர்கள்தான் அவருக்குச் சபை. அவர்கள் போட்ட கூச்சல்!

"இன்னொரு தடவ போடுடா" என்றேன்.