கர்க் கடைவீதியில் ஒரு விருந்து

உணவு உண்பவரும் கடைவீதிகளில் நடமாடுபவருமான ஒருவர் எவ்வாறு இறைத்தூதராக இருக்க முடியும் என்று மக்கத்துக் குறைஷியர் எள்ளி நகைத்ததைத் திருமறையின் அல்ஃபுர்கான் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. முன்வந்த தூதர்களும் அவ்வாறே உண்டனர், அவ்வாறே நடந்தனர் என்பது அதற்கு இறைவன் அளித்த விடை. ஆகவே, உணவுக் கடையையும் அங்காடித் தெருவையும் பற்றி எழுதுவது அற்பமான வேலை என்று நாம் கருதவில்லை. ஒரு நகரத்தாரின் மார்க்கம் பள்ளிவாசலின் முதல் வரிசையில் தெரிவதைவிட அவ்வூர்க் கடைத்தெருவில்தான் தெளிவாகத் தெரியும்.

அத்தகைய எழுத்து ஒன்றை ஈண்டு ஆராய விழைகிறோம். பதீஉஸ் ஸமான் அல்ஹமதானீ இயற்றிய மகாமாத்துகளுள் பக்தாதின் பெயர் தாங்கிய மகாமாவே அது. ஹிஜ்ரி 358இல் ஹமதானில் பிறந்து 398இல் ஹிராத்தில் மறைந்த இவ்வாசிரியரே மகாமா என்னும் இலக்கிய வகையைத் தோற்றுவித்தவர். நம் மத்ரஸாக்கள் பலவற்றில் ஓதப்படும் அல்ஹரீரீயின் ஐம்பது மகாமாத்துகளும் இவர் வகுத்த பாதையில் பின்னர் எழுந்தவையே. எதுகையும் இயைபும் போல் ஓசை ஒத்து முடியும் உரைநடையில், இரண்டு மூன்று பக்கங்களுக்குள் ஒரு கதையைச் சொல்லி முடிப்பது இதன் இலக்கணம்.

கதை நடைபெறும் இடம் கர்க். கலீஃபா மன்ஸூர் 762இல் பக்தாதை நிறுவிச் சில ஆண்டுகள் சென்றபின், நகர மதிலுக்குள் இருந்த சந்தைகளைத் தெற்கே இப்பகுதிக்கு மாற்றினார். அன்று முதல் கர்க் என்றாலே கடைவீதி என்றாயிற்று. அங்கே ஈஸா இப்னு ஹிஷாம் பேரீச்சம்பழ ஆசையோடும் வெறுங்கையோடும் அலைகிறான். ஸவாத் எனப்படும் இராக்கின் வயற்புறத்திலிருந்து வந்த குடியானவன் ஒருவன் கழுதையை ஓட்டிக்கொண்டு எதிரே வருகிறான். அவன் உடுத்த துணியின் முனையில் காசு முடிந்திருக்கிறது. ஈஸாவின் கண் அந்த முடிச்சில் விழுகிறது.

அபூ ஸைத் என்று விளித்து, நெடுநாள் நண்பனைப் போல் நலம் விசாரிக்கிறான் ஈஸா. தான் அபூ ஸைத் அல்லன், அபூ உபைத் என்கிறான் குடியானவன். மறதியின் மீது பழியைப் போட்டுவிட்டு, தந்தையார் நலமா என்கிறான் ஈஸா. அவர் கப்றின்மேல் புல் முளைத்துவிட்டது என்று அறிந்ததும் துக்கம் தாளாதவன் போல் சட்டையைக் கிழித்துக்கொள்ளக் கை வைக்கிறான். குடியானவன் பதறித் தடுக்கிறான். பிறகு விருந்துக்கு அழைப்பு. வீடு தொலைவு, கடை அருகே என்று சொல்லி, இறைச்சி சுடுபவனின் கடைக்கு இட்டுச் செல்கிறான்.

இனி வருவது நாவில் நீர் ஊறும் பகுதி. நெய் சொட்டும் சுட்ட இறைச்சி, அதனுடன் ஜூதாபா. தந்தூர் அடுப்பில் இறைச்சி தொங்கி வேகும்போது அதன் அடியில் ரொட்டியும் இனிப்பும் சேர்ந்த தட்டை வைத்து, வடியும் நெய்யையும் சாற்றையும் ஏந்திச் சமைக்கும் பண்டம் அது. மெல்லிய ரொட்டிகள், மேலே தெளிக்க ஸும்மாக் என்னும் புளிப்புக் கனியின் நீர். அடுத்து லௌஸீனஜ்: அரைத்த வாதுமையை மெல்லிய மாவேட்டில் பொதிந்து செய்யும் இனிப்பு. இவை ஆசிரியரின் கற்பனையல்ல. அந்நூற்றாண்டின் இப்னு ஸய்யார் அல்வர்ராக், ஹிஜ்ரி 623இல் எழுதிய முஹம்மத் அல்பக்தாதீ ஆகியோரின் சமையல் நூல்களில் இப்பண்டங்களின் செய்முறை உள்ளது.

வயிறு நிரம்பியதும், பனிக்கட்டி இட்ட நீர் கொண்டுவருவதாகச் சொல்லி ஈஸா வெளியேறுகிறான். தான் காணவும் தன்னைக் காணாதிருக்கவும் தக்க இடத்தில் அமர்கிறான். குடியானவன் எழுகிறான். கடைக்காரன் துணியைப் பற்றி இழுக்கிறான். விருந்தாளியாக உண்டேன் என்பவனுக்குக் கன்னத்தில் அறை விழுகிறது. அழுதவாறே பல்லால் முடிச்சை அவிழ்க்கிறான் அந்த ஏழை. அப்போதும் அவன் புலம்புவது காசுக்காக அன்று. நான் அபூ உபைத் என்று அந்தக் குரங்குக்கு எத்தனை முறை சொன்னேன் என்பதே அவன் புலம்பல்.

நாம் மாணவராய் இதை ஓதியபோது வகுப்பே சிரித்தது. பின்னர் ஆசிரியராய் இதை நடத்தியபோதும் வகுப்பு சிரித்தது. நாமும் சேர்ந்து சிரித்தோம். ஓர் ஆண்டு மட்டும், உழவர் குடும்பத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் சிரிக்கவில்லை. “அந்தக் காசை எதற்காக முடிந்து வைத்திருந்தார், ஹஸ்ரத்?” என்று கேட்டார். விதை வாங்கவா, வீட்டில் நோயுற்றோருக்கு மருந்து வாங்கவா என்று அவர் எண்ணம் ஓடியிருந்தது. அருஞ்சொற்பொருளும் இலக்கண முடிபும் சொல்லிப் பழகிய நமக்கு அன்று விடை வரவில்லை. இக்கட்டுரை அக்கேள்விக்குக் காலம் தாழ்ந்து நாம் சொல்லும் விடை.

முதலாவதாகப் பெயரை நோக்குவோம். அரபு இலக்கணம் தொடங்கிய எவரும் ஸைதை அறிவர். ஸைத் அம்ரை அடித்தான் என்பதே நம் முதற்பாடம். அந்த ஸைத் யாரும் அல்லன். எவருக்கும் பொருந்தும் வெற்றுப் பெயர். உபைத் என்பதோ சிறு அடியான் என்னும் பொருளது. ஈஸா அவனை அபூ ஸைத் என்று அழைக்கும்போதே அவனை யாரும் அல்லாதவன் ஆக்கிவிடுகிறான் என்பது நம் கருத்து. பணம் பறிபோகுமுன் பெயர் பறிபோகிறது. காசை அவிழ்க்கும் வேளையிலும் அவன் பெயருக்காகவே அழுவது பேதைமையன்று. தன்னிடம் களவு போனது எது என்பதை அறிந்த அழுகை.

இரண்டாவது, தராசு. இக்கதையில் இனிப்பு நிறுக்கப்படுகிறது, இறுதியில் அபராதம் போல் கேட்கப்படும் காசும் நிறுத்தே கேட்கப்படுகிறது. கடைக்காரன் எடையில் மோசம் செய்ததாக ஒரு சொல்லும் இல்லை. அங்காடிகளைக் கண்காணிக்க முஹ்தஸிப் என்னும் அதிகாரியை முஸ்லிம் நகரங்கள் வைத்திருந்தன. ஷைஸரீ போன்றோர் அவருக்காக எழுதிய நூல்களில் இறைச்சி சுடுவோருக்கென்றே தனிப் பகுதி உண்டு. ஆனால் பொய்யான அழைப்பை நிறுக்க எந்த முஹ்தஸிபிடமும் தராசு இல்லை. தானியக் குவியலுக்குள் கை நுழைத்து, அடியில் மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு வணிகரைக் கண்டித்த அண்ணல் நபி (ஸல்) அவர்களின் கரம், பொருளின் மேற்புறத்தைத் தாண்டிச் சென்றது. ஈஸாவின் குவியலில் மேலே இருப்பவை முகமனும் இரங்கலும் விருந்தோம்பலும். மார்க்கம் கற்பித்த மூன்று நற்பண்புகளையே தூண்டிலாக்குகிறான். அடியில் ஈரம்.

மூன்றாவதும் முதன்மையானதுமான கருத்து: ஆசிரியர் நம்மையும் அந்தக் கடையில் அமர்த்துகிறார். ஏனைய மகாமாத்துகள் பலவற்றில் ஏமாற்றுபவன் அபுல் ஃபத்ஹ். ஈஸா அவனைக் கண்டு சொல்பவன். இங்கே சொல்பவனே ஏமாற்றுபவன். ஓசை நயமிக்க வருணனையில் நாமும் அவனுடன் உண்கிறோம். பின்பு அவனுடன் ஒளிந்து நின்று, ஏழை அடிபடுவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். நகைச்சுவையில் நீதி தேடலாகாது என்று கூறும் நண்பர்கள் உளர். நீதியைத் தேடி நாம் செல்லவில்லை; நம் சிரிப்பே நம்மைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

குறை ஒன்றும் சொல்லியாக வேண்டும். பிழைப்புக்கு எவ்வழியும் தகும் என்னும் பொருள்படும் செய்யுளோடு ஈஸா கதையை முடிக்கிறான். அழுகை எழுப்பிய அதிர்வை அது தணித்துவிடுகிறது. குடியானவன் கழுதையோடு திரும்பும் வழியை ஆசிரியர் ஒரு வரியேனும் காட்டியிருக்கலாம். காட்டாததால்தான் தலைமுறை தலைமுறையாக வகுப்புகள் சிரித்தன.

இவ்விடத்தில் நம் தமிழ் நினைவுக்கு வருகிறது. மாங்குடி மருதனார் 782 அடிகளில் பாடிய மதுரைக்காஞ்சியும் ஒரு நகரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் உணவு வகைகளையும் விழாக்களையும் நடந்து கண்ட நூலே. அங்கே நள்ளிரவில் புலவரின் கண் ஓரிடத்தில் நிற்கிறது. மெல்லிய அடையும் மோதகமும் விற்ற கூவியர் அமர்ந்தபடியே உறங்குகின்றனர். விழாவில் ஆடிய கூத்தரும் ஓய்ந்து துயில்கின்றனர். பண்டத்தைப் பாடியவர் அதைச் சுட்டவரின் களைப்பையும் பாடினார். நிலையாமையை அரசனுக்கு உணர்த்த வந்த நூலில் அந்தப் பார்வை இருப்பது வியப்பன்று.

இன்று நகரங்களின் உணவகங்களையும் நோன்புக் கால இரவுக் கடைவீதிகளையும் சுவைத்து எழுதுவோர் பெருகியுள்ளனர். நல்லதே, சுவை இறைவனின் அருட்கொடை. எது சுவை, என்ன விலை என்பதோடு அவ்வெழுத்துப் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அந்த இலையை எடுத்தவர் யார், கிராமத்திலிருந்து வந்து அந்த வாசலில் தயங்கி நின்றவர் யார், அவருடைய பெயரை எவரேனும் சரியாகக் கேட்டனரா என்னும் கேள்விகளையும் எழுத்தாளர் தம்முடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

பக்தாது மகாமாவை நம் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. சிரிக்கட்டும். சிரித்து முடிந்ததும், அந்த முடிச்சில் இருந்த காசு எதற்காக என்று ஒரு முறை கேட்போம்.