9ஆ, 10ஆ? கல்லடியில் ஒரு கம்பிச் சோதனை

மட்டக்களப்பில் மின்கிற்றார் வாசிப்பவர் இரண்டு விதமான வாசிப்புக்கும் தயாராக இருக்க வேண்டும். பறங்கியர் வீட்டுக் கலியாணத்தில் கஃப்ரிஞ்ஞாவும் பைலாவும் 6/8 தாளத்தில் ஓடும்; வலக்கைக்கு ஓய்வே கிடையாது. கோயில் திருவிழா மேடையிலோ பக்திப் பாட்டின் கமகத்துக்கு இடக்கை விரல் கம்பியை வளைக்க வேண்டும். முன்னதற்குத் தடித்த கம்பி நல்லது, பின்னதற்கு மெல்லியது. அதனால் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிற்றார் ஒன்றில் 9-42, 10-46, 11-49 செட்களை மாற்றி மாற்றிப் போட்டு வாசித்தேன். கடைசியாக 9-46ஐயும் போட்டேன்.

இந்த எண்கள் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் முதலாம், ஆறாம் கம்பிகளின் தடிப்பைச் சொல்கின்றன. 1947இல் வெளிவந்த ‘யாழ் நூல்’ எழுதிய விபுலாநந்த அடிகள் நரம்பின் நீளத்தையும் சுரத்தையும் கணக்குப் போட்டுக் காட்டியவர். யாழில் நரம்புக்கு நரம்பு நீளம் வேறு. இந்தக் கிற்றாரில் ஆறு கம்பிக்கும் நீளம் ஒன்றே, 25.5 அங்குலம். ஆகவே தடிப்பைக் கூட்டினால் அதே சுருதிக்கு இழுவிசையும் கூடியே தீரும். 9 கம்பி ஏறத்தாழ 6 கிலோ இழுவையில் நிற்கிறது. 10 கம்பிக்கு 7.3 கிலோ வேண்டும். ஒரு எண் வித்தியாசம்தான், விரலுக்கோ கால்வாசிக்குக் கிட்டச் சுமை கூடுகிறது.

ஒரு முழுச் சுரம் ஏற்ற விரல் தள்ள வேண்டிய தூரம் எந்தத் தடிப்பிலும் ஏறக்குறைய ஒன்றே. தள்ளும் பலம்தான் மாறும். 9இல் கமகம் குழைந்து வருகிறது, ஆனால் பைலாவுக்கு ஓங்கி அடித்தால் கீழ்க்கம்பிகள் சுருதி பிசகித் தளும்புகின்றன. 11இல் அடி உறுதி, ஒலியும் கனம். நீண்ட ஆலாபனைக்கு விரல் நுனி தாங்காது. 10 நடுவில் நிற்கிறது.

செட்டை மாற்றினால் கிற்றாரையும் மறுபடி சீர்செய்ய வேண்டும். 9இலிருந்து 10க்குப் போனால் மொத்த இழுவை ஏறத்தாழ 38 கிலோவிலிருந்து 47 கிலோவாகிறது. நெக் முன்னே வளையும், மிதக்கும் பிரிட்ஜ் தூக்கிக்கொள்ளும், கம்பி உயரும். முதலில் பின்பக்க ஸ்பிரிங் திருகுகளை இறுக்கிப் பிரிட்ஜைப் பழைய நிலைக்கு இறக்குங்கள். பிறகு ட்ரஸ் ரொட்டைச் சிறிது சிறிதாகத் திருகுங்கள், ஒரு தடவையில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். 12ஆம் பிரெட்டில் அழுத்தி வரும் சுரமும் அதே இடத்து ஹார்மோனிக்கும் ஒத்துப்போகும் வரை சாடிலை நகர்த்துங்கள். 42க்கு வெட்டிய நட்டில் 46 கம்பி இறுகும்; சுருதி கூட்டும்போது ‘டிக்’ என்று ஒலி கேட்டால் அந்தப் பள்ளத்தை அரத்தால் அகலப்படுத்தாமல் மேலே போகாதீர்கள்.

வாவிக் கரையில் உப்புக் காற்றுக்கும் கணக்கு வைக்க வேண்டும். சுற்றுக் கம்பியின் இடுக்குகளில் வியர்வையும் உப்பும் படிந்தால் ஒலி மங்கும், சுருதியும் நேராக நிற்காது. மெல்லிய மேல்கம்பிகள் துருப்பிடித்தால் விரல் வழுக்காது, கமகம் கெட்டுவிடும். எலிக்ஸிர் போன்ற பூச்சுக் கம்பிகளுக்கு விலை கூட. இந்த ஊருக்கு அந்தச் செலவு தகும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியை அடியோடு துடையுங்கள். வடகீழ்ப் பருவ மழையில் மரமும் ஈரம் இழுக்கும், ஆகவே மார்கழியில் நெக்கை மீண்டும் பாருங்கள்.

என் கிற்றாரில் இனி 9-46தான். மேல் மூன்று கம்பிகள் 9 செட்டின் மென்மையோடு வளைகின்றன, கீழ் மூன்றும் 10 செட்டின் உறுதியோடு பைலா அடியைத் தாங்குகின்றன. பாடுபவருக்காக அரைச்சுரம் இறக்கி வாசிப்பவர்களுக்கு மட்டும் வேறு யோசனை சொல்வேன். அப்படி இறக்கினால் இழுவை 11 வீதம் குறைகிறது. 13 தடிப்பில் வாசித்த ஸ்டீவி ரே வானும் அரைச்சுரம் இறக்கியே வாசித்தார். அவர்கள் 10-46ஐத் துணிந்து போடலாம்.