வெள்ளம் சதுர மீட்டர் பார்த்து வருவதில்லை

2015 டிசம்பர் 1ஆம் நாள் காலை முதல் மறுநாள் காலை வரை, 24 மணி நேரத்தில், தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். இந்த எண்ணின் பொருளை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி; அதாவது ஏறத்தாழ 223 சதுர மீட்டர். அதன்மேல் 49 சென்டிமீட்டர் மழை விழுந்தால் சேரும் நீர் சுமார் 1,09,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஒன்பது! இது ஒரே ஒரு மனையின் பங்கு. அந்த ஆண்டு முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகள் நீரில் மூழ்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

இத்தகைய துன்பத்தைத் தடுக்கச் சட்டம் இல்லையா? உண்டு. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிய மத்திய அரசின் 1994ஆம் ஆண்டு அறிவிக்கையில் கட்டடங்கள் இடம்பெறவில்லை. 2004இல் பெரிய கட்டடத் திட்டங்கள் சேர்க்கப்பட்டன. 2006இல் வந்த புதிய அறிவிக்கை, கட்டப்படும் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் முன் அனுமதி வேண்டும் என்றது. நகரியங்களுக்கும் மனைப் பிரிவுகளுக்கும் 50 ஹெக்டேர் நிலம் அல்லது 1,50,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பு என வரம்பு வைத்தது.

இந்த அளவுகோலைச் சோதித்துப் பார்ப்போம். 20 ஏக்கர் வயல் 200 மனைகளாகப் பிரிக்கப்படுகிறது என்று கொள்வோம். ஒவ்வொருவரும் 150 சதுர மீட்டரில் வீடு கட்டினால் மொத்தம் 30,000 சதுர மீட்டர். இதையே ஒரு நிறுவனம் அடுக்குமாடியாகக் கட்டினால் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். 200 பேர் தனித்தனியே கட்டினால் அந்தக் கேள்வியே எழாது. நிலமும் 50 ஹெக்டேருக்கு மிகவும் குறைவு. ஆனால் மழைநீருக்கு இந்த வேறுபாடு தெரியுமா? வயலாயிருந்தபோது வரப்புகள் நீரைத் தேக்கின, மண் உறிஞ்சியது. இப்போது கூரையும் சாலையும் அதை உடனே அடுத்த தெருவுக்கு அனுப்புகின்றன.

ஒவ்வொரு வீட்டையும் நிபுணர் குழு ஆராய முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியாது, வரம்பு என ஒன்று தேவைதான். குறை வரம்பில் இல்லை, எதை அளக்கிறோம் என்பதில் இருக்கிறது. அளக்க வேண்டியது தனிக் கட்டடத்தை அன்று. நீர் வடியும் பகுதி முழுவதையும்.

தாம்பரத்துக்குக் கிழக்கே இதைக் கண்ணாரக் காணலாம். சேலையூர் ஏரி நிரம்பினால் இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாக நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாய்க்கும், பின் கோவளம் முகத்துவாரத்துக்கும் செல்கிறது. சுமார் 1,248 ஹெக்டேர் பரப்புள்ள இச்சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. அதன் எல்லையும் தாக்கப் பகுதியும் அறிவியல் முறையில் வரையறுக்கப்படும் வரை, அதற்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டர் வரையிலும் கட்டட அனுமதி வழங்கக் கூடாது என்று 2025இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. நல்ல தொடக்கம் இது. எனினும் சேலையூரும் செம்பாக்கமும் அந்த 1 கிலோமீட்டருக்கு வெளியே உள்ளன. அங்கே ஒரு வாய்க்கால் அடைபட்டால் சதுப்பு நிலத்துக்கு வரும் நீர் குறையும். அடைபட்ட நீர் வீடுகளுக்குள் புகும்.

ஆகவே, மனைப் பிரிவுக்கு ஒப்புதல் தரும்போதே, எல்லா வீடுகளும் கட்டி முடிந்தபின் எவ்வளவு நீர் வெளியேறும், அதை எந்த வாய்க்கால் தாங்கும் என்று கணக்கிட வேண்டும். அதற்குத் தேவையானவை மழையளவு, நிலப்பரப்பு, சரிவு, வாய்க்காலின் அகலமும் ஆழமும். பள்ளி மாணவரும் புரிந்துகொள்ளக்கூடிய கணக்குதான்.

உங்கள் வீட்டில் மனை வாங்கும் பேச்சு எழுந்தால், பத்திரத்தோடு கிராம வரைபடத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் ஓடை எங்கே வருகிறது, எங்கே போகிறது என்று தேடுங்கள். வரைபடத்தில் இருக்கும் ஓடை நிலத்தில் காணப்படாவிட்டால், அந்த மனைக்கு முன்பணம் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.