இரவல் குரலும் சொந்தக் குரலும்

பிறர் பாடியதைக் கேட்டு அப்படியே பாடிக் காட்டும் குழந்தையைக் கலைஞர் என்று ஏற்பதா, போலி என்று தள்ளுவதா? கலை ஆராய்வார் பலரும் எளிதில் விடை கூறிவிடும் வினா இது. ஆனால் ஜப்பானியப் பாடகி மிசோரா ஹிபாரியின் வாழ்க்கையை நோக்குவார்க்கு அவ்விடை அத்துணை எளிதன்று என்பது புலனாகும்.

அவர் 1937 மே 29ஆம் நாள் யோகோஹாமா நகரில் மீன் வணிகர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். இயற்பெயர் காத்தோ கஸுவே. ‘ஹிபாரி’ என்பதற்கு வானம்பாடி என்பது பொருள். ‘மிசோரா’ என்பது அழகிய வானைக் குறிக்கும். 1943இல் தந்தை கடற்படைக்குச் செல்ல நேர்ந்தபோது, வழியனுப்பு விருந்தில் ஆறு வயதுச் சிறுமி ஒரு பாட்டுப் பாடினாள். போரில் மகனைப் பறிகொடுத்த தாய், அவன் நினைவிடத்தைத் தேடித் தலைநகர் வருவதைக் கூறும் பாட்டு அது. கேட்டோர் கண்ணீர் விட்டனர். மகள் குரலின் ஆற்றலைத் தாய் கிமியே அன்றுதான் நன்குணர்ந்தார்.

1946இல் வானொலி நிலையத்தின் குரற்போட்டியில் அச்சிறுமி பாடினாள். தேர்ச்சியை அறிவிக்கும் மணி ஒலிக்கவில்லை. குரலில் குறையில்லை, பெரியவர் பாட்டைப் பெரியவர் போலவே பாடியது குழந்தைக்குப் பொருந்தாது என்பதே நடுவர் கருத்து. அந்நாளில் புகழுடன் விளங்கிய கசாகி ஷிசுகோவின் துள்ளல் பாடல்களை அவ்வாறே பாடித்தான் ஹிபாரி முதலில் பெயர் பெற்றார். சிறுவர் பாடல்கள் பல இயற்றிய கவிஞர் சாத்தோ ஹாச்சிரோ, பெரியவரைப் போலப் பாடும் இக்குழந்தையை 1950இல் நாளிதழிலே கடுமையாகச் சாடினார்.

இக்கண்டனத்தில் உண்மை இல்லாமலில்லை. பள்ளியில் கழிய வேண்டிய இளமையின் பெரும்பகுதி மேடையிலும் படப்பிடிப்பிலும் கழிந்தது. ஆயினும் கண்டித்தோர் சிறுமியின் வயதைக் கண்டனர். அவள் வாழ்ந்த காலத்தைக் காண மறந்தனர். குண்டுவீச்சில் எரிந்த நகரங்களில் பெற்றோரை இழந்து அலைந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். துயரம் முதியவர்க்கே உரியதென்று அப்பிள்ளைகளிடம் யார் சொல்லக் கூடும்? 1949இல் வெளிவந்த ‘கனாஷிகி குச்சிபுவே’ என்னும் படத்தில் பன்னிரண்டு வயது ஹிபாரி, யோகோஹாமா வீதிகளில் திரியும் அநாதைச் சிறுமியாகத் தோன்றினார். அப்பாடல் நாடெங்கும் பரவியதற்குக் காரணம் சிறுமியின் சாமர்த்தியம் மட்டுமன்று. மக்கள் தம் துயரை அக்குரலில் அடையாளங் கண்டனர்.

இரவல் குரல் சொந்தக் குரலாக மாறிய இடம் 1952இல் வந்த ‘ரிங்கோ ஓயிவாக்கே’ எனலாம். ஓயிவாக்கே என்பது பொதிக்குதிரை ஓட்டுவோர் நீட்டி இசைத்த நாட்டுப்பாட்டு வகை. அந்த நீட்டலை ஹிபாரி தமதாக்கிக் கொண்டார். அடிக்குரலிலிருந்து மென்குரலுக்கு ஏறும்போது இணைப்பே தெரிவதில்லை. ‘கோபுஷி’ என்று ஜப்பானியர் கூறும் குரலசைவு நம் கமகத்திற்கு ஒருவகையில் உறவுடையது. அதை வேண்டிய இடத்தில் மட்டுமே அவர் பயன்படுத்தினார்.

அவர் பாடிய ‘என்கா’ வகைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1880களில் உரிமை இயக்கத்தார் அரசியல் பேச்சைப் பாட்டாக்கி வீதியில் இசைத்ததே அப்பெயரின் தோற்றம். காதல், பிரிவு, ஊர் நினைவு ஆகியவற்றைப் பாடும் துயரப் பாடல்களுக்கு அப்பெயர் நிலைத்தது 1960களின் பிற்பகுதியில்தான். இவ்வகைப் பாடல்களிற் பல நான்காம், ஏழாம் சுரங்களை நீக்கிய ஐந்து சுரங்களில் அமைந்தவை. இவ்வமைப்பு நம் மோகனத்தை ஒத்தது. துயரப் பாடல்களிலோ சிவரஞ்சனியின் தைவதத்தைத் தாழ்த்தினாற் போன்று ஒலிக்கும்.

அக்கலையின் முதிர்ச்சியை 1966இல் வந்த ‘கனாஷீ சாக்கே’ காட்டுகிறது. இசையமைத்தவர் கோகா மாசாவோ. தனியே மது அருந்தும் பெண்ணின் ஏக்கமே பொருள். இடையே உரைநடைப் பேச்சும் உண்டு. பாடும்போது ஹிபாரியின் கண்ணீர் கன்னத்தில் வழியும். குரல் உடையாது, சுரமும் பிசகாது. அழுகை வேறு, அழுகையைப் பாடுதல் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆறு வயதில் ஒரு தாயின் துயரைப் பாடியதும் இதே ஆற்றலாலன்றோ?

வாழ்க்கை அவர்க்கு மெல்லியதாக இல்லை. 1957இல் மேடையருகே பெண்ணொருத்தி முகத்தில் அமிலம் வீசினாள். 1962இல் நடந்த திருமணம் 1964இல் முறிந்தது. தம்பியின் குற்ற வழக்கை ஒட்டி, 1973இல் வானொலி தொலைக்காட்சிக் கழகம் ஆண்டிறுதிப் பெருநிகழ்ச்சிக்கு அவரைத் தேர்ந்தெடுக்காது விட்டது. குண்டர் கூட்டத்தாரின் ஆதரவு அவர் தொழிலில் படிந்த கறை. அவர் புகழைப் பாடுவோர் அதை மறைத்தல் நேர்மையன்று. நோயினின்று ஓரளவு தேறி 1988 ஏப்ரலில் டோக்கியோ டோம் அரங்கில் ஏறத்தாழ 40 பாடல்களைப் பாடினார். 1989 ஜூன் 24ஆம் நாள் 52ஆம் வயதில் மறைந்தார். மறுமாதமே மக்கள் மதிப்பு விருது அவர்க்கு வழங்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதற் பெண்மணி அவரே.

பின்பற்றிப் பாடுதல் குற்றமன்று. எல்லாக் கல்வியும் அங்கேதான் தொடங்குகிறது. அங்கேயே நின்றுவிடுதல்தான் குறை. 1946இல் நடுவர் குழந்தை எவ்வாறு பாட வேண்டுமென்று முன்பே முடிவு செய்திருந்தனர். அக்குழந்தை என்ன பாடியது என்பதைக் கேட்கவில்லை. வகுப்பறையில் பிள்ளைகளின் பாட்டையும் கட்டுரையையும் மதிப்பிட அமர்வோர்க்கு, அன்று ஒலிக்காத அந்த மணி நினைவில் இருத்தல் நன்று.