முதற் பருவத்திற்கு முந்திய வாசிப்பு

இளநிலைப் பட்டத்தின் இறுதித் தேர்வு முடிந்து, முதுநிலைக் கணித வகுப்பில் இடமும் உறுதியான பின்னர், கல்லூரி திறப்பதற்குள் கிடைக்கும் சில வாரங்களை வீணாக்கலாகாது என்ற நல்லெண்ணத்தோடு, முதற் பருவத்தின் பாடத்திட்டத்தைத் தேடிப் பெற்று, மூத்த மாணவர்களின் குறிப்பேடுகளையும் பழைய வினாத்தாள்களையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, முதல் இரண்டு அலகுகளையாவது முன்கூட்டியே முடித்துவிட வேண்டுமென்று உழைக்கும் வழக்கம் தமிழ்நாட்டு மாணவரிடையே வேரூன்றியிருக்கிறது. பெற்றோர் இதனைச் சிரத்தையின் அடையாளமாகக் கண்டு மகிழ்கின்றனர். சிரத்தை இருப்பதில் எனக்கும் ஐயமில்லை; அது செலவாகும் திசையைத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

இவ்வழக்கத்திற்குத் தக்க காரணங்கள் உண்டு. ஒரு பருவத்திற்கு ஏறத்தாழ 90 வேலைநாட்கள் என்று வகுக்கப்பட்டிருந்தாலும், உள்மதிப்பீட்டுத் தேர்வுகளும் கருத்தரங்குகளும் போக எஞ்சும் காலத்தில் நான்கைந்து தாள்களை முடிக்கவேண்டிய ஆசிரியர், ஒரு நிரூபணத்தை இருமுறை விளக்க அவகாசமின்றித் தவிக்கிறார். மாலையில் டியூஷன் எடுத்தோ கடையில் வேலை பார்த்தோ படிக்கும் மாணவனுக்கு விடுமுறை வாரங்களே நிம்மதியான வாரங்கள். தமிழ்வழியில் இளநிலை பயின்று, முதுநிலையில் முதன்முறையாக ஆங்கில நூலை எதிர்கொள்ளும் மாணவிக்கோ, அந்நூலின் நடை முன்பே பழகியிருத்தல் பெருந்துணை. இவர்களைப் பார்த்து, முன்கூட்டிப் படிக்காதே என்று சொல்வது அநியாயம்.

ஆனால் பாடத்திட்டத்தைக் கையில் எடுத்தவுடன் மாணவன் புத்தகத்தை எந்தப் பக்கத்தில் திறக்கிறான்? நம்முடைய பல பல்கலைக்கழகங்களில் மெய்ப் பகுப்பாய்வுக்கு 1957-இல் முதற்பதிப்புக் கண்ட அப்போஸ்தலின் நூலே பாடநூலாக இருக்கிறது. அதன் ஆறாம் அத்தியாயமாகிய வரம்புக்குட்பட்ட மாறுபாடுடைய சார்புகளிலிருந்து பாடம் தொடங்குவதாகவே திட்டம் அமைந்திருப்பதையும் பெரும்பாலும் காணலாம். முந்தைய ஐந்து அத்தியாயங்களும் இளநிலையில் கற்றவை என்பது திட்டத்தை வகுத்தவர்களின் அனுமானம். மாணவனும் அந்த அனுமானத்தை அப்படியே ஏற்று, ஆறாம் அத்தியாயத்தில் நேராகப் பிரவேசித்து, வரையறைகளையும் தேற்றங்களையும் நோட்டில் எழுதிக்கொள்கிறான். அத்தகைய சார்பு ஒவ்வொன்றையும் இரண்டு ஏறுமுகச் சார்புகளின் வேறுபாடாக எழுதலாம் என்ற தேற்றம், சார்பின் ஏற்ற இறக்கங்களைக் கூட்டிப் பெறும் தொகைகளுக்கு ஒரு மீச்சிறு மேல்வரம்பு உண்டு என்பதன்மேல் நிற்கிறது. அதுவோ மெய்யெண்களின் முழுமைப் பண்பின்மேல் நிற்கிறது. அப்பண்பை இளநிலையில் ஒரு வரியாக மனப்பாடம் செய்து கடந்தவனுக்கு, புதிய தேற்றமும் இன்னொரு மனப்பாட வரியாகவே மிஞ்சும்.

இதே இடத்தில் ஒரு சிறு உதாரணத்தைச் சற்று நின்று நோக்குவோம். x-ஐ 1/x-இன் சைனால் பெருக்கிக் கிடைக்கும் சார்பு, பூச்சியத்தில் அதன் மதிப்பைப் பூச்சியமென்று கொண்டால், 0 முதல் 1 வரை தொடர்ச்சியுடையது. எனினும் அதன் மாறுபாட்டுக்கு வரம்பில்லை. x-க்குப் பதிலாக x-இன் வர்க்கத்தைப் பெருக்கினாலோ, பூச்சியத்தின் அருகே அதேபோல் எண்ணற்ற தடவை ஏறி இறங்கினும், மாறுபாடு வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. ஏன் இந்தப் பேதம்? முதற்சார்பின் ஏற்ற இறக்கங்களைக் கூட்டினால் ஒன்று, அரை, மூன்றிலொன்று என்று செல்லும் தொடரைப் போல் அது எல்லையின்றி வளர்கிறது. இரண்டாவதன் கூட்டலோ ஒன்று, நான்கிலொன்று, ஒன்பதிலொன்று என்னும் தொடரைப் போல் ஒருங்கிவிடுகிறது. இவ்விரு தொடர்களும் இளநிலை மாணவர் எல்லோரும் கண்டவை. அவற்றைப் புத்தகம் பாராமல் மறுபடி நிறுவிப் பார்த்தவன், ஆறாம் அத்தியாயத்தைத் திறவாமலே அதன் உயிர்நிலையை நெருங்கிவிட்டான் என்பேன்.

இயற்கணிதத்தில் நிலைமை இன்னும் தெளிவானது. 1964-இல் வெளிவந்த ஹெர்ஸ்டைனின் நூலில் குலங்களைப் பற்றிய இரண்டாம் அத்தியாயத்தின் பிற்பகுதியிலிருந்தே, அதாவது எண்ணும் முறையும் சைலோ தேற்றங்களும் வரும் இடத்திலிருந்தே, முதுநிலைப் பாடம் பல இடங்களில் தொடங்குகிறது. உட்குலத்தின் வரிசை குலத்தின் வரிசையை வகுக்கும் என்று லெக்ராஞ்சி தேற்றம் கூறுகிறது. அதன் மறுதலை உண்மையன்று. நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்களால் ஆன, வரிசை 12 உடைய குலத்தில் வரிசை 6 உடைய உட்குலம் இல்லை. இதைத் தானே ஒரு பிற்பகல் முழுதும் தேடிச் சலித்து, இல்லையென்று நிரூபித்து எழுந்த மாணவனுக்கே, பகா எண்ணின் அடுக்குகளுக்கு மட்டும் உட்குலம் உண்டென உறுதிகூறும் சைலோவின் சொல் வியப்பைத் தரும். மற்றவனுக்கு அது பத்து மதிப்பெண் வினா.

வகைக்கெழுச் சமன்பாடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. அதற்குப் பாடநூலாக உள்ள காடிங்டனின் நூலின் தொடக்கப் பகுதி பெரிதும் பழகிய வழியே செல்வதால், முன்வாசிப்பினால் அங்கே நன்மையும் தீமையும் குறைவு.

முன்வாசிப்பின் மிகப்பெரிய தீங்கு வகுப்பறையில் வெளிப்படுகிறது. தேற்றத்தின் பெயரும் நிரூபணத்தின் முதல் வரியும் பரிச்சயமாயிருப்பதால், தனக்கு விளங்கிவிட்டது என்ற பிரமை மாணவனைப் பற்றிக்கொள்கிறது. கேட்கவேண்டிய கேள்வி எழுவதற்கு முன்பே அடங்கிவிடுகிறது. ஒன்றும் படிக்காமல் வந்தவன் விழித்துக்கொண்டு கேட்கும் சந்தேகத்தை, இவன் தெரிந்த விஷயமென்று கடந்து, பருவ இறுதியில் அதே இடத்தில் இடறுகிறான்.

இக்குறை மாணவரால் மட்டும் நேர்வதன்று. இடம் கிடைத்த செய்தியோடு துறைகள் அனுப்புவது கட்டண விவரமும் சான்றிதழ்ப் பட்டியலுமே. வகுப்பு தொடங்கிய பின் நடத்தப்படும் இணைப்புப் பாடமோ, இருக்கும் நாட்களிலேயே சிலவற்றை எடுத்துக்கொள்கிறது. அதற்கு மாறாக, இளநிலைத் தேற்றங்களில் பத்தைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு நிபந்தனையை நீக்கினால் எங்கே உடைகிறது என்று எழுதிவருமாறு ஒரு தாளைச் சேர்த்து அனுப்பினால், முதல் வாரத்தில் அவ்விடைகளைக் கையில் வைத்துக்கொண்டே ஆசிரியர் தம் பாடத்தைத் தொடங்கலாம். யார் எங்கே நிற்கிறார் என்பதும் அவருக்கு அப்போதே தெரிந்துவிடும்.