நல்லெழுத்தும் பரவும் எழுத்தும்

நம்மிடம் அரபி இலக்கியம் பயிலும் மாணவரொருவர் அண்மையில் தாம் எழுதிய இரு கட்டுரைகளைக் கொணர்ந்து காட்டினார். ஒன்று, மூன்று திங்கள் கிதாபுகளைப் புரட்டி எழுதியது. கைப்பேசி வழியே அதனைப் படித்தோர் நாற்பதின்மரே. மற்றொன்று, அரை நாழிகையில் எழுதியது. தலைப்பிலே ஆரவாரம், உள்ளே ஒன்றுமில்லை. அதுவோ பல்லாயிரவரைச் சென்றடைந்தது. “உஸ்தாத், இனி நான் எதை எழுதட்டும்?” என வினவினார். நாம் அளித்த விடையினை வாசக அன்பர்கள் முன்னும் வைக்கின்றோம்.

இவ்வினா இணையத்தோடு பிறந்ததன்று. ஹிஜ்ரி 255இல் (கி.பி. 868–869) பஸராவில் மறைந்த அரபி உரைநடைப் பேராசான் ஜாஹிழ் இதனை நேரிற் கண்டவர். பொருட்செறிவுடைய நூலைத் தம் பெயரால் வெளியிட்டால் கற்றோரே அழுக்காறு கொண்டு குறை கூறினர் என்றும், அதனினும் தாழ்ந்ததொன்றை எழுதி, ‘கலீலா வ திம்னா’வை அரபியில் தந்த இப்னுல் முகஃப்பஃ போன்ற முன்னோரின் பெயரைச் சூட்டினால் அவர்களே விரைந்து வந்து படியெடுத்தனர் என்றும் அவர் தாமே எழுதிவைத்துள்ளார். அச்செயலை நாம் போற்றவில்லை. அது வாய்மைக்கு ஒவ்வாது. ஆயினும் அதனால் விளங்கும் உண்மை பெரிது. படியெடுத்தோரின் தொகை நூலின் தரத்தை அளக்கவில்லை. பெயரின் கவர்ச்சியையே அளந்தது.

அங்ஙனமாயின் வாசகரை நாடுதலே குற்றமோ? அன்று. ஏழு பாகங்களாக விரியும் ‘கிதாபுல் ஹயவான்’ நூலில், வாசகர் சோர்வுறாதிருக்க நகைச்சுவையை இடையிடையே சேர்ப்பதாக ஜாஹிழ் வெளிப்படையாகவே கூறுகின்றார். நாய் சிறந்ததா, சேவல் சிறந்ததா என நெடிது வாதிடும் பகுதியில் சிரிப்பூட்டும் செய்திகள் பலவுண்டு. எனினும் அவை முடிந்ததும் உயிரினங்களின் இயல்பு பற்றிய ஆராய்ச்சிக்கே நம்மை மீட்டு வருகின்றார். இதுவே உரைகல். நல்லெழுத்தில் சுவை என்பது பொருளிடம் அழைத்துச் செல்லும் வாயில். பரவுதலையே வேண்டும் எழுத்தில் வாயில் உண்டு, வீடு இல்லை.

மாணவரின் முதற் கட்டுரையில் வீடு இருந்தது, வாயில் இல்லை. பக்கந்தோறும் மேற்கோள்களே அடுக்கப்பட்டிருந்தன. அக்குறையையும் நாம் மறைக்கவில்லை. படிப்போர் குறைந்தமையே தரத்துக்குச் சான்றாகி விடாது.

ஜாஹிழின் பெயரை இன்றளவும் நிலைநிறுத்துவன அவர் இரவற்பெயரில் எழுதியவை அல்ல. தம் பெயரில் எழுதிய ஹயவானும், ‘அல்பயான் வத்தப்யீன்’, ‘கிதாபுல் புகலா’ என்பனவுமே. பின்னாளில் நிலைமை தலைகீழானது. பிறருடைய நூல்கள் அவர் பெயரைச் சூடிக்கொண்டன. ‘கிதாபுத் தாஜ்’, ‘அல்மஹாஸின் வல் அள்தாத்’ ஆகியவை அவருடையன அல்ல என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

மாணவர் முதற் கட்டுரையைத் திருத்தி எழுதத் தொடங்கியுள்ளார். நம் பிள்ளைகள் ஒன்றை எழுதிக் காட்டும்போது, ‘எத்தனை பேர் பார்த்தனர்?’ என்று கேட்பதற்கு முன், ‘என்ன எழுதினாய்?’ என்று கேட்போமாக.