மூன்று மில்லிமீட்டர் பூட்டு

.38 ஸ்பெஷலும் .357 மேக்னமும் அண்ணன் தம்பித் தோட்டாக்கள். அண்ணன் குட்டை, தம்பி நெட்டை. பெயரில் எண் வேறானாலும் இரண்டு தோட்டாவின் குண்டும் ஒரே பருமன், 0.357 அங்குலம். 1935-இல் அமெரிக்காவில் மேக்னம் வந்தபோது பித்தளைக் கூட்டைச் சுமார் 3 மி.மீ. நீட்டினார்கள். அதனால் மேக்னம், அதன் அழுத்தம் தாங்காத .38 ரிவால்வருக்குள் முழுசாக நுழையாது. எவ்வளவு எளிய பூட்டு! மேக்னம் ரிவால்வரிலோ இரண்டும் போகும்.

காகித இலக்கைச் சுடுபவர்கள் .38-இல் மொட்டைத்தலைக் குண்டைத்தான் தேடுவார்கள். உருண்டை முனை காகிதத்தைப் பிய்த்துவிடும். மொட்டைத்தலையோ பஞ்சிங் மெஷின் போல வட்டமாக வெட்டும், புள்ளி எண்ணத் தகராறில்லை. ஒரே தொல்லை, .38-இன் குட்டைக் கூடு மேக்னம் ரிவால்வரின் அறைக்குள் கரி வளையம் விட்டுப்போகும். துடைக்காமல் மேக்னத்தைச் செருகினால் பாதியில் முரண்டு பிடிக்கும்.